பார்பரா மெக்ளின்டாக் உண்மையிலேயே முப்பது ஆண்டுகள் புறக்கணிக்கப்பட்டாரா?

கேள்வி: வகுப்பறை

வணக்கம். மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்து வருகிறேன். மரபியல் பகுதியில் தாவும் மரபணுக்களுக்கு வரும்போது பார்பரா மெக்ளின்டாக்கின் வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். 1951இல் அவர் தம் கண்டுபிடிப்பை விளக்கியபோது ஒருவரும் நம்பவில்லை. ஆனாலும் அவர் மனம் தளராமல் மக்காச்சோள வயலே கதியென்று உழைத்தார். 32 ஆண்டுகள் கழித்து, 81ஆம் வயதில், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது என்று முடிப்பேன். மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "யாருமே நம்பவில்லை என்றால் அத்தனை ஆண்டுகள் அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார், டீச்சர்?" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி, என்னிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியானதே 1953இல்தான். அதற்கு முன்பே, வெறும் சோள மணிகளைப் பார்த்து, ஒரு மரபணு இடம் மாறுகிறது என்று ஒருவரால் எப்படி முடிவுக்கு வர முடிந்தது? "புள்ளிகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார்" என்ற ஒரு வரியோடு நான் இதுவரை கடந்துவிட்டேன். அந்தப் புள்ளிகள் எதைச் சொல்லின என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு முறையாகப் பதில் சொல்வேன்.

மறுமொழி: நுண்ணோக்கி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சம்பளம் கொடுத்தது வாஷிங்டன் கார்னகி நிறுவனம். நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் அந்நிறுவனம் நடத்திய மரபியல் துறைக்கு, அங்கிருந்த மிலிஸ்லாவ் டெமெரெச்சின் அழைப்பின்பேரில் 1941இல் மெக்ளின்டாக் வந்தார். 1992இல் இறக்கும் வரை அதுவே அவருடைய ஆய்வுக்கூடமாக இருந்தது. வகுப்பெடுக்கும் கடமை இல்லாமல், விருப்பப்பட்ட ஆய்வை விருப்பப்பட்ட வேகத்தில் செய்யும் சுதந்திரம் அந்தப் பதவியில் இருந்தது. நம்பிக்கை இழந்த ஒரு நிறுவனம் இப்படி ஒருவரை வைத்திருக்காது.

1951இல் அவர் முன்பின் அறியப்படாதவராக மேடை ஏறவில்லை என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். 1927இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், இரண்டே ஆண்டுகளில் மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் தனித்தனியே அடையாளம் காட்டினார். அதுவரை வேர்நுனிச் செல்களில், குரோமோசோம்கள் சுருங்கித் தடித்திருக்கும் நிலையில், எது எதுவென்று தெரியாமல் பலரும் திணறிக்கொண்டிருந்தனர். அவரோ மகரந்தமாக வளரும் நுண்வித்துச் செல்லின் முதல் பகுப்பைத் தேர்ந்தெடுத்தார். அங்கே குரோமோசோம்கள் தம் நீளத்தையும் கரங்களின் நீள வேறுபாட்டையும் தெளிவாகக் காட்டும். நானும் பல ஆண்டுகள் நுண்ணோக்கியோடு வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: சாயமேற்றிய ஒரு சிதறலில் பத்து இழைகளையும் பிரித்தறிவதற்குக் கண்ணும் கையும் எவ்வளவு பழக வேண்டும் என்பது செய்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

1931இல் அவரும் ஹேரியட் கிரெய்ட்டனும் வெளியிட்ட ஆய்வு, என் கருத்தில், இருபதாம் நூற்றாண்டு மரபியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு முனையில் தடித்த முடிச்சும், மறுமுனையில் எட்டாவது குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டும் கொண்ட ஒரு வகையை அவர்கள் பயன்படுத்தினர். இவை இரண்டும் நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். மணியின் நிறத்துக்கும் மாவுத் தன்மைக்கும் உரிய மரபணுக்கள் எந்தச் சந்ததியில் குறுக்கேற்றத்தால் பிரிந்து சேர்ந்தனவோ, அந்தச் சந்ததியில் இந்த அடையாளங்களும் பிரிந்து சேர்ந்திருந்தன. குரோமோசோம்கள் உடலளவில் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதற்கு அதுவே நேரடிச் சான்று. உடனே வெளியிடுமாறு தூண்டியவர், பழப்பூச்சி மரபியலின் தலைவராகக் கருதப்பட்ட டி. எச். மார்கன். அதே ஆண்டில் கர்ட் ஸ்டெர்ன் பழப்பூச்சியில் இதே முடிவைத் தனியே எட்டினார்.

1944இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் கௌரவத்தைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். 1945இல் அமெரிக்க மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஆகவே 1951ஆம் ஆண்டுக் கருத்தரங்கில் அவரை அத்துறையின் முதல் வரிசை ஆய்வாளராக அறிந்தவர்களே கேட்டனர். கேட்டவர்களில் பலருக்குப் புரியவில்லை, சிலர் எரிச்சலடைந்தனர் என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்காச்சோளத்தில் வேலை செய்தவர்கள் கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டனர். விஸ்கான்சினில் அலெக்சாண்டர் பிரிங்க் இதே வகைத் தாவும் கூறு ஒன்றைத் தனியே கண்டறிந்தார். அது மெக்ளின்டாக் கண்டதேதான் என்பது விரைவில் தெளிவாயிற்று. பீட்டர் பீட்டர்சன் கண்டறிந்த இன்னொரு கூறும் அப்படியே மெக்ளின்டாக்கின் வேறொரு கூறோடு ஒத்துப்போயிற்று. மூவர் தனித்தனியே ஒன்றைக் கண்டால் அதை ஏளனத்துக்கு உரியதென்று சொல்ல முடியாது.

மறுமொழி: சோளக்கொல்லை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். மக்காச்சோளப் பயிர்ப்பெருக்கத்தில் வேலை செய்பவன் என்பதால் மணிகளைப் பார்ப்பதே என் தொழில்.

முதலில் செடியைப் பற்றி. உச்சியில் ஆண் பூங்கதிர், தண்டின் நடுவே பெண் கதிர் என்று இரண்டும் விலகி நிற்பதால், இழைகள் வெளிவரும் முன்பே கதிருக்கு உறை மாட்டிவிட்டு, வேண்டிய செடியின் மகரந்தத்தை நாமே தூவலாம். கதிரிலுள்ள ஒவ்வொரு மணியும் தனித்தனிக் கருவுறுதலில் உருவானது. ஆகவே ஒரு கதிரை உரித்தால் பல நூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் காண்கிறோம். மணியின் வெளிப்புறத்தில் அலியூரோன் என்ற ஒற்றைச் செல் அடுக்கு இருக்கிறது. ஊதா நிறம் அதில்தான் படிகிறது. வளரும் மணியில் ஒரு செல் நிறத்தைத் தடுக்கும் மரபணுவை இழந்தால், அந்தச் செல்லின் வழிவந்தவை யாவும் நிறம் பெற்று ஒரு புள்ளியாகத் தெரியும். மணி வளரத் தொடங்கியபோதே இழப்பு நேர்ந்திருந்தால் புள்ளி பெரிதாகவும், கடைசியில் நேர்ந்திருந்தால் ஊசிமுனை அளவாகவும் இருக்கும். அதாவது புள்ளியின் அளவு காலத்தைச் சொல்கிறது; எண்ணிக்கை, அது எத்தனை முறை நடந்தது என்பதைச் சொல்கிறது. எழுத்துத் தெரிந்தவருக்கு இது ஒரு நாட்குறிப்பு.

இனி அவருடைய தர்க்கம். தந்தைச் செடி வழியே வரும் ஒன்பதாவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில், நுனிப்பக்கம் நிறத்தைத் தடுக்கும் மரபணுவும், உட்பக்கம் இயல்பான மாவுக்குரிய மரபணுவும் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். தாய்வழிக் குரோமோசோமில் நிறம் தரும் மரபணுவும், மெழுகுத் தன்மையுள்ள மாவுக்குரிய ஒடுங்கு மரபணுவும் உள்ளன. மணி நிறமற்றுத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருடைய மணிகளில் நிறப்புள்ளிகள் இருந்தன. பெரிய புள்ளிகளுக்குக் கீழேயுள்ள மாவில் அயோடினை இட்டால் கருநீலத்துக்குப் பதிலாகச் செம்பழுப்பு நிறம் வந்தது. மெழுகு மாவின் அடையாளம் அது. இரண்டு மரபணுக்களும் சேர்ந்தே தொலைந்திருக்கின்றன என்றால், குரோமோசோம் அவற்றுக்கும் உட்புறத்தில் முறிந்து, நுனித்துண்டு முழுவதும் போயிருக்கிறது. நுண்ணோக்கியிலும் அதே இடத்தில் முறிவைக் கண்டார். மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் முறிவை உண்டாக்கிய அந்தக் கூறுக்கு டிஸோசியேஷன் என்று பெயரிட்டார், சுருக்கமாக டி.எஸ். என்பர்.

அடுத்து, டி.எஸ். இருந்தும் சில செடிகளில் முறிவு நிகழவில்லை. கலப்பினச் சோதனைகளைத் தொடர்ந்தபோது, வேறோர் இடத்தில் இரண்டாவது கூறு ஒன்று இருந்தால்தான் முறிவு நிகழ்கிறது என்பது தெரிந்தது. அதற்கு ஆக்டிவேட்டர், சுருக்கமாக ஏ.சி., என்று பெயரிட்டார். இந்த ஏ.சி. ஒவ்வொரு செடியிலும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. டி.எஸ்.ஸும் ஒரு மணியில் பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்தில் முறிவைக் காட்டியது.

எல்லாவற்றையும் உறுதிப்படுத்தியது வேறு வகையான ஒரு மணி. நிறமுள்ளதாக இருக்க வேண்டிய அது நிறமற்ற பின்னணியில் ஊதாப் புள்ளிகளோடு வந்தது. ஆனால் இம்முறை பக்கத்து மரபணுக்கள் எதுவும் தொலைந்திருக்கவில்லை. முறிவு இல்லாமல் நிறம் எப்படித் திரும்பியது? டி.எஸ். நிறமரபணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்து அதை முடக்கியிருக்கிறது. எந்தச் செல்லில் அது வெளியேறியதோ அந்தச் செல்லில் மரபணு மீண்டும் வேலை செய்தது. ஏ.சி. இல்லாத சந்ததிகளில் அந்த மணிகள் புள்ளியே இல்லாமல் நிறமற்றவையாக நின்றன. மீண்டும் ஏ.சி.யைச் சேர்த்தால் புள்ளிகள் திரும்பின. 1948 வாக்கில் இந்த முடிவுக்கு வந்தவர், சுருக்கமான கட்டுரையை வெளியிட்டது 1950இல்தான். ஒரு பருவத்தில் விதைத்து, உறை மாட்டி, அறுத்து, உரித்து, மணிகளைத் தரம்பிரித்து, அடுத்த கலப்புக்குத் திட்டமிட்டு மீண்டும் விதைக்கும் வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விளைச்சல் வரை காத்திருக்க வேண்டும்.

மறுமொழி: பழைய ஏடு

நுண்ணோக்கி ஐயா சொன்ன தகவல்கள் எல்லாம் சரியானவை. ஆனால் "அவர் புறக்கணிக்கப்படவே இல்லை" என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டால் அதுவும் பிழையாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

கார்னெலில் அவரோடு பணியாற்றிய ஆண்கள் உரிய காலத்தில் நிலையான பதவிகளைப் பெற்றனர். அவரோ முனைவர் பட்டத்துக்குப் பின் நான்காண்டுகள் தாவரவியல் பயிற்றுநராகவும், அதன்பின் ஒரு நிதிநல்கை முடிந்தால் அடுத்தது என்று மிசௌரிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் அலைபவராகவும் இருந்தார். குகன்ஹைம் நல்கையில் 1933இல் ஜெர்மனிக்குச் சென்றவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்த அந்நாட்டின் சூழலைத் தாங்காமல், குறித்த காலத்துக்கு முன்பே திரும்பினார். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டையான நியூக்ளியோலஸ், குரோமோசோமின் குறிப்பிட்ட ஒரு பகுதியிலிருந்துதான் உருவாகிறது என்று காட்டிய கட்டுரை 1934இல் வெளிவந்தது. அதன் பிறகும் இரண்டாண்டுகள் தற்காலிக நிதியில்தான் காலம் தள்ளினார். உதவிப் பேராசிரியர் பதவி 1936இல், பட்டம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து, மிசௌரி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கும் தமக்கு எதிர்காலம் இல்லை என்று கருதி 1941இல் விலகினார். ஆண் ஒருவருக்கு 1929ஆம் ஆண்டின் சாதனையே போதுமானதாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1953க்குப் பின் விரிவான தரவுகளை ஆய்விதழ்களுக்கு அனுப்புவதை அவர் பெரிதும் குறைத்துக்கொண்டு, கார்னகி நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டார். 1973இல் ஃபின்ச்சம் என்ற மரபியலாளருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவருடைய மனத்தின் அடியில் படிந்திருக்கும் எண்ணங்களை அவருக்கே உணர்த்துவது ஏறக்குறைய முடியாத செயல் என்றும், கருத்து மாற்றத்துக்கு உரிய காலம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். இருபதாண்டுகள் பேசிப் பார்த்துக் களைத்தவரின் சொற்களாகவே எனக்கு அவை படுகின்றன. ஆண்டறிக்கையில் எழுதியது யாருக்கு எட்டும்? மக்காச்சோளத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு எட்டவில்லை.

மறுமொழி: மூலக்கூறு

முந்தைய இரு கருத்துகளுக்கும் இடையே உள்ள முடிச்சு, எது நம்பப்பட்டது, எது நம்பப்படவில்லை என்பதில்தான் இருக்கிறது. கூறுகள் இடம் மாறுகின்றன என்பதை மக்காச்சோளத்தின் விந்தை என்று ஏற்றுக்கொண்டவர்கள் பலர். மெக்ளின்டாக்கின் கவனம் அதில் மட்டும் நிற்கவில்லை. இக்கூறுகள் பக்கத்து மரபணுக்களை உரிய காலத்தில் இயக்கியும் நிறுத்தியும் ஓர் உயிரின் வளர்ச்சியையே ஆள்கின்றன என்பது அவர் வாதம். ஆகவே அவற்றைக் கட்டுப்படுத்தும் கூறுகள் என்றே அழைத்தார். 1951இல் அவையினரைத் திகைக்கவைத்தது இந்தப் பெரிய வாதம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜேக்கப்பும் மோனோவும் ஈ. கோலை பாக்டீரியத்தில் மரபணுக் கட்டுப்பாட்டை விளக்கியதும், 1961இல், தம் மக்காச்சோள அமைப்புகளுக்கும் பாக்டீரியத்துக்கும் உள்ள ஒப்புமைகளைச் சுட்டி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மரபணுக்களை வேறு மரபணுக்கள் ஆளுகின்றன என்ற அளவில் அவர் எண்ணம் முன்னோடியானது. ஆனால் இயல்பான வளர்ச்சி முழுவதும் இடமாற்றத்தால்தான் நடத்தப்படுகிறது என்ற கருத்து நிலைக்கவில்லை. இதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய விஞ்ஞானியின் பிழையை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நிலைமையை மாற்றியது பாக்டீரியம். 1960களின் இறுதியில், ஈ. கோலையின் மரபணுக்களுக்குள் அந்நியத் துண்டுகள் நுழைந்து அவற்றை முடக்குவதை அமெரிக்கரான ஜேம்ஸ் ஷபிரோவும், ஜெர்மனியில் பீட்டர் ஸ்டார்லிங்கரும் ஹைன்ஸ் சேட்லரும் கண்டனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் திறன் ஒரு டி.என்.ஏ.விலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 1970களில் தெரிந்தது; இப்படித் தாவும் துண்டைக் குறிக்கும் டிரான்ஸ்போசான் என்ற சொல் 1974இல் பிறந்தது. ஈஸ்டிலும் பழப்பூச்சியிலும் இவை இருப்பது தெரிந்த பின் மக்காச்சோளத்தின் விந்தை என்று ஒதுக்க வழியில்லை. 1983இல் நீனா ஃபெடரோஃபும் உடன் பணியாற்றியவர்களும் ஏ.சி., டி.எஸ். கூறுகளைப் பிரித்தெடுத்தபோது, மணிகளைக் கொண்டு மெக்ளின்டாக் எழுதியிருந்த கணக்கு மூலக்கூறு அளவிலும் சரியாக இருந்தது. ஏ.சி. என்பது சுமார் 4,600 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) கொண்ட துண்டு. தன்னை வெட்டி எடுத்து வேறிடத்தில் பொருத்தும் நொதிக்கான மரபணு அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபெடரோஃப் குழுவினர் பிரித்தெடுத்த டி.எஸ். வடிவங்கள் அதே துண்டில் நடுப்பகுதி சிதைந்தவை. நொதியைத் தாமே உருவாக்க முடியாதவை. ஆகவேதான் ஏ.சி. இல்லாமல் டி.எஸ். அசையவில்லை.

வகுப்புக்கு உதவும் ஓர் எடுத்துக்காட்டு: மெண்டல் பயன்படுத்திய சுருங்கிய பட்டாணியை எல்லா மாணவர்களும் அறிவர். அந்தச் சுருக்கத்துக்குக் காரணம், மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் நொதியின் மரபணுவுக்குள் ஏ.சி., டி.எஸ். வகையை ஒத்த ஒரு துண்டு நுழைந்திருப்பதே என்று 1990இல் கண்டறியப்பட்டது. மரபியலின் முதல் பாடத்துக்குள்ளேயே தாவும் மரபணு ஒளிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். பரிணாமப் பாடத்தில் வரும் இங்கிலாந்தின் கறுப்பு அந்துப்பூச்சியின் நிறத்துக்கும் ஒரு டிரான்ஸ்போசான் நுழைவே காரணம் என்று 2016இல் வெளியாயிற்று. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காடும், மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடும் இத்தகைய கூறுகளிலிருந்து வந்தவை.

மறுமொழி: வகுப்பறை

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எனக்குப் பெரிய தெளிவு கிடைத்திருக்கிறது. அவர் 1967இல் ஓய்வு பெற்றதாகவும் படித்தேன். அப்படியானால் நோபலுக்கு முன்பு வேறு விருது எதுவும் கிடைக்கவில்லையா? அடுத்து, சோளக்கொல்லை சொன்ன புள்ளி விளக்கத்தைக் கரும்பலகையில் மூன்று மணிகளாக வரைந்து, ஏ.சி. இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது என்று காட்டினால் போதுமா?

மறுமொழி: நுண்ணோக்கி

ஓய்வு பெற்ற அதே 1967இல் தேசிய அறிவியல் கழகத்தின் கிம்பர் மரபியல் விருது கிடைத்தது. 1970ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கமும், 1981இல் லாஸ்கர், உல்ஃப் விருதுகளும், வாழ்நாள் முழுவதற்குமான மெக்கார்தர் நிதிநல்கையும் அதன்பின் வந்தன. 1983ஆம் ஆண்டு மருத்துவ நோபலை யாருடனும் பகிராமல் பெற்றார். அப்பிரிவில் அப்படிப் பெற்ற முதல் பெண் அவரே.

மறுமொழி: சோளக்கொல்லை

மூன்று மணிகள் போதாது, நான்காக வரையுங்கள். மணியின் கருவூண் திசு மும்மடியம், அதாவது மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டது, என்பதை உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். அதற்குத் தாய் இரண்டு பங்கும் தந்தை ஒரு பங்கும் தருகின்றனர். ஆகவே ஏ.சி. தந்தை வழியே மட்டும் வந்தால் ஒன்று, தாய் வழியே மட்டும் வந்தால் இரண்டு, இருவர் வழியேயும் வந்தால் மூன்று. ஏ.சி. இல்லாத மணியில் புள்ளி கிடையாது. ஒன்று உள்ள மணியில் பெரிய புள்ளிகளை வரையுங்கள். எண்ணிக்கை கூடக்கூடப் புள்ளிகள் பெரிதாகும் என்று மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள், ஆனால் நடப்பது நேர்மாறு: ஏ.சி. கூடினால் முறிவு தாமதமாகிறது, ஆகவே இரண்டில் புள்ளிகள் சிறுக்கும், மூன்றில் ஊசிமுனைகளாகிவிடும். தந்தை ஒன்று, தாய் இரண்டு என்ற கணக்கை முதலில் பலகையில் எழுதிவிட்டு, படத்தை வரையுமுன் மூன்றாவது மணி எப்படியிருக்கும் என்று அந்த மாணவியிடமே கேட்டுப் பாருங்கள்.